தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். பூகோளப் பாடம் நடத்தும் எண்ணம் எனக்கு இல்லை. 'எவ்வளவு', 'எத்தனை' என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான், "இங்கிருந்து சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டு வைத்தேன்.

மயூர் விஹாரிலிருந்து வரும் எட்டு வயதுச் சிறுமி உடனே எழுந்து, "ரெண்டே முக்கால் மணி நேரம் சார்" என்றாள். பக்கத்திலிருந்த பையன் விடவில்லை. "இல்லை சார், ரெண்டு ராத்திரி, ஒரு பகல்" என்றான். அவன் வீட்டில் ஆண்டுதோறும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்தான் ஊருக்குப் போகிறார்கள். சற்றே பெரிய மாணவி ஒருத்தி கைப்பேசியைப் பார்த்து, "1,760 கிலோமீட்டர்" என்றாள். பேரனை அழைத்து வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தலையை ஆட்டிவிட்டு, "அம்மா, 2,180ன்னு எழுதிக்கோ. என் சர்வீஸ் முழுக்க அந்தக் கணக்குதான்" என்றார்.

நான்கு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் நான்கும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் வாழ்க்கையில் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

அட்லஸை எடுங்கள்

பள்ளி அட்லஸில் இந்தியா படம் உள்ள பக்கத்தைத் திறந்து கொள்ளுங்கள். படுக்கை வசமாகச் செல்லும் கோடுகள் அட்சரேகைகள். நெட்டுக்குத்தாகச் செல்பவை தீர்க்கரேகைகள். தில்லி விமான நிலையம் வட அட்சம் 28.57 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 77.10 பாகையிலும் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் வட அட்சம் 12.99, கிழக்குத் தீர்க்கம் 80.17.

வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் ஏறத்தாழ 111 கி.மீ. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 28.57லிருந்து 12.99ஐக் கழித்தால் 15.58. அதை 111ஆல் பெருக்கினால் 1,729 கி.மீ. தில்லியிலிருந்து நேர் தெற்கே இவ்வளவு தூரம் வந்தால் சென்னையின் மட்டத்துக்கு வந்துவிடுவோம்.

ஆனால் சென்னை நேர் தெற்கே இல்லை. சற்றுக் கிழக்கே தள்ளி இருக்கிறது. தீர்க்க வேறுபாடு 3.07 பாகை. இதையும் 111ஆல் பெருக்கிவிடக் கூடாது. தீர்க்கரேகைகள் பலாச்சுளைகளின் விளிம்புகளைப் போலத் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வருபவை. பூமத்திய ரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. இருக்கும் இடைவெளி, சென்னையின் மட்டத்தில் 108 ஆகிறது. தில்லியின் மட்டத்தில் 98க்கு வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுமட்டத்தில் ஏறத்தாழ 104. ஆகவே 3.07ஐ 104ஆல் பெருக்க, 319 கி.மீ.

இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பிதாகரஸ் தேற்றத்தை நினைவுபடுத்திக் கொள்ளலாம். 1,729ன் வர்க்கத்தையும் 319ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,758 வருகிறது. கைப்பேசி சொன்ன 1,760க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள்! பூமி உருண்டை என்பதால் இந்தச் சமதளக் கணக்கு வெகுதூரத்துக்குச் சரிவராது. தில்லியிலிருந்து லண்டனுக்குப் போட்டால் பெரிய பிழை வரும். நம் ஊருக்குப் போக இது தாராளம்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? 319 கி.மீ. கிழக்கே போக வேண்டியிருந்தும், மொத்தத் தூரத்தில் அதனால் கூடியது 29 கி.மீ.தான். சாய்வாகப் போவதன் லாபம் அது. வயல்வெளியில் வரப்பைச் சுற்றாமல் குறுக்கே நடப்பவனுக்கு எந்தத் தேற்றமும் தெரியாமலே இது தெரியும்.

இந்த 3 பாகைக்கு இன்னொரு பலன் உண்டு. சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம். ஆகையால் சென்னையில் உச்சிவேளை தில்லியைவிட 12 நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒன்றையே காட்டுவது 1906 ஜனவரி 1 முதல் வந்த திட்ட நேரத்தின் ஏற்பாடு. அதற்கு முன் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின என்று சொன்னால், இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

பரங்கிமலையில் தொடங்கிய சங்கிலி

1,760 என்று கைப்பேசி ஒரு நொடியில் சொல்கிறது. இந்த நாட்டின் தெற்குக்கும் வடக்கும் இடையே உள்ள தூரத்தை முதன்முதலில் துல்லியமாக அளக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த வேலை தொடங்கிய இடம், இன்றைக்கு நாம் சென்னையில் விமானத்தைவிட்டு இறங்கியதும் கண்ணில் படும் பரங்கிமலை.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் பரப்பி, ஏறத்தாழ 12 கி.மீ. நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அக்கினி நட்சத்திர வெயிலில் இரும்பு நீளும். ஆகையால் வெப்பமானி வைத்து அந்த நீட்சிக்கும் கணக்குப் பார்த்தார்கள். இந்த ஒரு கோட்டை அளந்து முடிக்கவே மே மாதக் கடைசி ஆகிவிட்டது. அதன்பிறகு சங்கிலி அதிகம் தேவைப்படவில்லை. ஒரு கோட்டின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே நாடு முழுவதும் போனார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. சுமக்கவே ஒரு கூட்டம் வேண்டும். 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் அதைத் தாமே பிரித்து, நெளிந்த வட்டத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்து, மறுபடி வேலையைத் தொடங்கினார் என்பது வரலாறு.

குமரிமுனைப் பக்கத்திலிருந்து 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே ஏறிய இந்த அளவை, 1840களின் தொடக்கத்தில் டேராடூன் பக்கம் முடிந்தபோது அதன் நீளம் ஏறத்தாழ 2,400 கி.மீ. அதை முடித்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பேர் வைக்கப்பட்டவர். தொடங்கிய லாம்டனின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அவர் 1823 ஜனவரியில், ஹைதராபாதிலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் காலமானார். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்காகக் கணக்குப் போட்டபோது எனக்கே வியப்பாக இருந்த ஒரு செய்தி: தில்லி, சென்னை விமான நிலையங்களை இணைக்கும் நேர்கோட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அட்சம் ஏறத்தாழ 20.8, தீர்க்கம் ஏறத்தாழ 78.7. வரைபடத்தில் அது வார்தாவுக்குப் பக்கத்தில் விழுகிறது! ஹிங்கன்காட் அங்கிருந்து முப்பது கி.மீ. கூட இல்லை. மீனம்பாக்கத்துக்குப் பக்கத்து மலையிலிருந்து வடக்கு நோக்கி அளந்துகொண்டு புறப்பட்ட மனிதர், தில்லிக்குப் பாதி வழியில் உயிரை விட்டிருக்கிறார்.

ரயிலில் போகிறவர்களுக்குப் பாதி வழி நாகபுரி. புது தில்லியிலிருந்து அங்கே சுமார் 1,090 கி.மீ. மறுநாள் மதியம் நாகபுரி வந்ததும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, "இனிமேல் இறக்கம்தான்" என்று என் தந்தை சொல்வார். ரயில் அங்கிருந்து சேவாகிராம், ஹிங்கன்காட், பல்லார்ஷா என்று போகும். ஹிங்கன்காட் பெயர்ப் பலகையை நாற்பது ஆண்டுகளாக எத்தனை முறை கடந்திருப்பேன்! ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

ரயில் தூரம் 420 கி.மீ. அதிகமாவது ஏன் என்று கேட்ட மாணவிக்கு விடை: ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இடார்சி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு வருவது ஒரு காரணம். நாகபுரிக்குப் பிறகு வாரங்கல் வழியாக விஜயவாடா வரை கிழக்கே போய், அங்கிருந்து கடலோரமாக இறங்குவது இன்னொரு காரணம். விஜயவாடா சென்னையையும்விடக் கிழக்கே இருக்கிறது என்பதை அட்லஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டே முக்கால் மணி எங்கே போகிறது?

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 1,760ஐ 830ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் 2 மணி 45 நிமிடம் முதல் 3 மணி வரை போட்டிருக்கிறார்கள். மீதி எங்கே?

அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் அன்று. தில்லியில் விமானம் தன் இடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து சென்னையில் தன் இடத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், வரிசையில் நின்று, மேலே கிளம்பவே கால் மணி நேரம் போய்விடும். பிறகு ஏற்றம். 36,000 அடிக்கு ஏறுவதற்குள் சுமார் 200 கி.மீ. கடந்துவிடும், அப்போது முழு வேகம் கிடையாது. இறக்கமும் அப்படியே. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. ஒரு கடல் மைல் 1.85 கி.மீ. 36,000 அடிக்கு 108 கடல் மைல், அதாவது 200 கி.மீ. நெல்லூர் வருவதற்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. காது அடைக்கத் தொடங்கினால் ஆந்திராவின் தென்கோடிக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான்.

ஆக, ஏற 20 நிமிடம், நடுவில் 1,360 கி.மீ.க்கு 98 நிமிடம், இறங்க 24 நிமிடம். கூட்டினால் 2 மணி 22 நிமிடம். தரையில் ஊர்வது 23 நிமிடம். கணக்கு சரியாகிவிட்டது. நேர்கோட்டில்தான் பறப்பார்கள் என்பதும் இல்லை. வானத்திலும் குறிக்கப்பட்ட வழிகள் உண்டு. சென்னையில் நெரிசல் இருந்தால் கடலுக்கு மேல் ஒரு வட்டம் அடித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

ஜெட் வருவதற்கு முன் இருந்த டகோட்டா விமானம் இவ்வளவு வேகமாகப் போகாது. 1949ல் தொடங்கிய இரவு விமானத் தபாலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் புறப்பட்டு, நள்ளிரவுக்குப் பின் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். பயணிகளும் போனார்கள். அர்த்த ராத்திரியில் நாகபுரியில் இறங்கி, விமானம் மாறி ஊருக்குப் போன கதைகளைச் சொல்லும் மூத்த தலைமுறை நம் சங்கத்தில் இருந்தது.

காற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெருங்காற்று ஆறு போல் ஓடுகிறது. தில்லியிலிருந்து கொல்கத்தா போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அதனால்தான் அந்த வழியில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். நமக்கு அது குறுக்குக் காற்று. வெள்ளம் போகும் காவிரியைப் பரிசலில் கடப்பவர் எதிர்க்கரைக்கு நேராகச் செலுத்தாமல் சற்று மேலேறச் செலுத்துவார் அல்லவா? விமானியும் மூக்கைக் கொஞ்சம் மேற்கே திருப்பி வைத்துக்கொள்வார். போக, வர அதிக வேறுபாடு வராது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் உச்சியில் இதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஓடுகிறது. அதைப் பற்றி 1958ல் விரிவாக எழுதி உலகுக்கு அறிவித்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடேஸ்வரம்.

நான் போட்ட தப்புக் கணக்கு

முப்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். 2011 ஜனவரியில் ஒரு நாள் அதிகாலை நாலே காலுக்குத் தொலைபேசி மணி அடித்தது. மயிலாடுதுறைக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து என் தம்பி. அப்பா போய்விட்டார்.

அழுது முடித்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?" என்பதுதான். வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒருநாள் கேட்கப்படும் கேள்வி அது. நான் சொன்ன பதில்: "மூணு மணி நேரத்துல மெட்ராஸ். எப்படியும் பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்."

ஒன்பதரை மணி விமானத்தில் இடம் கிடைத்தது. மூடுபனி. பன்னிரண்டே முக்காலுக்குத்தான் கிளம்பியது. மூன்றரைக்கு இறங்கி, நான்கு மணிக்கு வாடகைக் கார் பிடித்தேன். மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது தம்பி கூப்பிட்டான். "அண்ணே, ஐந்தரை ஆயிடுச்சு. பெரியப்பா இனிமே வெச்சிருக்க முடியாதுங்கறார். காலையிலேர்ந்து யாரும் சாப்பிடலை. என்ன பண்ணட்டும்?" காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "நீயே செஞ்சுடு" என்றேன். மூத்தவன் நான். கொள்ளி வைத்தவன் அவன். நான் வீடு போய்ச் சேர்ந்தது இரவு பத்தரைக்கு. திண்ணையில் அரிக்கேன் விளக்கு மட்டும் இருந்தது.

பல நாள் மூடுபனியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்து திரும்பும் ரயிலில், பழக்க தோஷம், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதரைக்குக் கிளம்பி, பன்னிரண்டே காலுக்கு இறங்கி, முக்காலுக்கு வெளியே வந்திருப்பேன். சென்னையிலிருந்து எங்கள் ஊர் சுமார் 250 கி.மீ.; அன்றைய சாலையில் ஆறு மணி நேரம். மாலை ஆறே முக்கால். ஜனவரியில் அது இருட்டிய நேரம். பனி இல்லாமலிருந்தாலும் நான் சொன்ன நேரத்துக்குப் போயிருக்க முடியாது! வீட்டிலிருந்து வீட்டுக்கு என்று கேட்ட கேள்விக்கு, மீனம்பாக்கம் வரைக்குமான விடையைச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி பின்னால் ஒருநாள் சொன்னான்: "நீங்க ராத்திரிதான் வருவேன்னு அப்பவே சொல்லியிருந்தா, ஐஸ் பெட்டி வரவழைச்சு மறுநாள் காலையில எடுத்திருப்போம் அண்ணே. சாயங்காலம் வந்துடுவீங்கன்னுதான் அது வேண்டாம்னுட்டோம்."

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு

ஆகவே நண்பர்களே, அவசரம் இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து உங்கள் ஊருக்கான கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வரை வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணை வரை.

ஜனக்புரியிலோ ரோகிணியிலோ இருப்பவர் விமான நிலையம் போகும் நேரம் எவ்வளவு என்று காலை நெரிசலில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி பதியும் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையும் உண்டு. அவசரப் பயணத்தில் பெட்டியே வேண்டாம், கைப்பை போதும்; இறங்கிய பிறகும் அரை மணி மிச்சம். டிசம்பர், ஜனவரியில் தில்லியில் விடியற்காலை விமானத்தை நம்புவதைவிட, பதினோரு மணிக்கு மேற்பட்டதை எடுப்பது நல்லது. பனி விலகியிருக்கும். சென்னைப் பக்கமும் சும்மா இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதை முழுகி நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்கும் மூடினார்கள். 2018ல் போகிப் புகையில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிய வேடிக்கையும் நடந்தது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஊர் என்றால் சென்னை என்று எண்ணுவது. நாகர்கோவில்காரர் சென்னையில் இறங்கினால் இன்னும் 700 கி.மீ. போக வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கினால் 70தான். ஓசூர்காரருக்குப் பெங்களூர். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்தாருக்குத் திருச்சி. சென்னையில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் பல சமயம் அதுவே மேல். நெல்லை மாவட்டத்தார் தூத்துக்குடியையும் மதுரையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அட்டவணைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை திருத்திக்கொள்ள வேண்டும்.

சென்னையில் இறங்கித் தெற்கே ரயிலில் போகிறவர்கள் எழும்பூருக்கு ஓட வேண்டியதில்லை. எதிரிலேயே திரிசூலம் நிலையம். மின்சார ரயிலில் தாம்பரம் போனால், தெற்கே போகும் பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நின்று செல்கின்றன. வெளியூர்ப் பேருந்துகளும் இப்போது கோயம்பேட்டிலிருந்து அன்று; 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்திலிருந்து.

ரயிலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 33 மணி நேரம், ராஜதானி 28 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கல்யாணத்துக்கும் கோடை விடுமுறைக்கும் ரயில்தான் அழகு. நடுப்பகலில் நாகபுரியும் மறுநாள் விடியலில் கூடூரும் பார்க்காத பிள்ளைகளுக்கு, ஊர் தூரத்தில் இருக்கிறது என்ற உணர்வே வராது. ஆனால் அந்தத் தொலைபேசி வரும் நாளில் விமானத்தைத்தான் எடுப்போம். அன்று கேட்பவர்களுக்கு மூன்று மணி நேரம் என்று சொல்லாதிருப்போம்.

என் வீட்டில் தொலைபேசிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 'ஜனக்புரி முதல் ஊர் வரை: 15 மணி. பனிக்காலம்: 19 மணி.' அம்மா இருந்தவரை ஆண்டுதோறும் திருத்தி எழுதினேன். 2019ல் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தம்பிக்குப் பதில் சொன்னேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்தார்கள். எல்லாரும் இருந்தோம்.

மாணவர்களுக்குப் பயிற்சி: கொல்கத்தா அட்சம் 22.6, தீர்க்கம் 88.4. மும்பை அட்சம் 19.1, தீர்க்கம் 72.9. சென்னைக்கு 13.0, 80.2 என்று வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களிலிருந்தும் சென்னைக்கு வான்வழித் தூரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கவும். கிழக்கு மேற்குக் கணக்குக்கு ஒரு பாகைக்கு, கொல்கத்தாவுக்கு 106 கி.மீ. என்றும் மும்பைக்கு 107 கி.மீ. என்றும் கொள்க. பெற்றோர் உதவக் கூடாது. விடை: ஏறத்தாழ 1,375 கி.மீ.; ஏறத்தாழ 1,035 கி.மீ. ஐந்து கி.மீ. முன்பின் வந்தாலும் முழு மதிப்பெண் உண்டு.